டயரா, பிரேக்கா, கியரா: சைக்கிளில் எதை முதலில் மாற்றலாம்?

சைக்கிளுக்குப் புதிதாக ஏதாவது வாங்கிப் போட வேண்டும் என்று தோன்றிவிட்டால், பெரும்பாலானவர்களின் கண் நேராகக் கியர் பக்கம்தான் போகும். கியர் மூன்றாவதாக வர வேண்டியது என்பது என் கருத்து. முதலில் டயர், அடுத்து பிரேக், அப்புறம்தான் கியர். மலையேறும் எம்டிபி (மவுண்டன் பைக்) என்றாலும், தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற சைக்கிள் என்றாலும் இந்த வரிசை மாறாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டு சைக்கிளுக்கும் ஏற்ற பாகம் வேறு. ஒன்றுக்குப் பொருத்தமானதை அப்படியே இன்னொன்றில் போட்டால் காசும் போகும், ஓட்டமும் கெடும்.

டயர்: கட்டை வைத்ததா, மழமழப்பானதா?

எம்டிபியைத் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள் மண்ணையும் சேற்றையும் கவ்விப் பிடிப்பதற்காக வைத்தவை. தாரில் அவை ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து, மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வளைவில் சாயும்போது தரையைத் தொடுவதும் கட்டைகளின் நுனி மட்டும்தான். மழமழப்பான டயர் மழையில் வழுக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். காரைப் போலத் தண்ணீர்மேல் மிதக்கும் அளவுக்குச் சைக்கிள் டயர் அகலமும் இல்லை, அந்த வேகத்துக்குச் சைக்கிள் போவதும் இல்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் சரியான காற்றழுத்தமும்தான்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 26, 27.5, 29 என்ற அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 என்பது போல ஓர் எண் இருக்கும். முதலில் வருவது அகலம், அடுத்து வருவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 அங்குல எம்டிபிக்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. சாலை சைக்கிளின் 700சி அளவும் இதே 622தான் என்பதால், 29 எம்டிபி வைத்திருப்பவருக்குச் சாலை டயரில் தேர்வு நிறைய.

பஞ்சர் விஷயத்தில் போட்டி டியூப்லெஸ்ஸுக்கும் தடித்த பாதுகாப்புப் பட்டை வைத்த டயருக்கும் இடையில். எம்டிபிக்கு டியூப்லெஸ்தான். காற்றைக் குறைத்து ஓட்டலாம், கல்லில் மோதி டியூப் நசுங்கும் பஞ்சர் கிடையாது, முள் குத்தினால் உள்ளே இருக்கும் பால் போன்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துபோகும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். தினசரி சைக்கிளில் ஒல்லி டயருக்கு அழுத்தமும் அதிகம் என்பதால், ஓட்டை அடைவதற்கு முன்பே திரவம் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கே டியூபும், ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் போல உள்ளே சுமார் 5 மில்லிமீட்டர் ரப்பர் மெத்தை வைத்த டயரும் போதும். கனம் கூடும், ஓட்டம் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். ஆனால் கண்ணாடித் துண்டு டியூபைத் தொடாது. காலையில் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை.

பிரேக்: இருப்பதைச் சரிசெய்வதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

ஷிமானோ 1996இல் கொண்டுவந்த வி-பிரேக், அதாவது ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டையால் கவ்வும் வகை, இன்றைக்கும் நல்ல பிரேக். அது பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர், காய்ந்து கல்லாகிப்போன பிரேக் கட்டையோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் மினுமினுவென்று அலுமினியத் துகள்கள் பதிந்திருக்கும். அவைதான் ரிம்மை ராவுகின்றன, கீச்சென்ற சத்தமும் பெரும்பாலும் அதனால்தான். ஊசியால் நெம்பி எடுக்கலாம், நிறைய இருந்தால் புதுக் கட்டை போடலாம். கூடவே உள்கம்பியையும் வெளி உறையையும் மாற்றினால், கையில் அதன் வித்தியாசம் உடனே தெரியும்.

டிஸ்க்குக்கு மாறுவது இவ்வளவு சுலபமில்லை. ஃப்ரேமிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் காலிப்பர் (டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் பாகம்) மாட்ட இடம் வேண்டும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் டிஸ்க் மாட்ட வசதி வேண்டும். அதிலும் ஆறு திருகு, சென்டர்லாக் என்று இரண்டு வகை. இதெல்லாம் இல்லாத சைக்கிளில் டிஸ்க் என்றால் சக்கரம், ஃபோர்க், சில சமயம் ஃப்ரேம் வரை போகும். அந்தக் காசுக்கு டிஸ்க்கோடு வரும் வேறு சைக்கிளைப் பார்ப்பதே மேல்.

இடவசதி உள்ள சைக்கிளில் கம்பி இழுக்கும் கேபிள் டிஸ்க்கா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா? கேபிள் டிஸ்க்கில் எம்டிபிக்கான வகையை வாங்கினால் பழைய வி-பிரேக் லீவரே போதும். வழியில் கெட்டாலும் ஒரு கம்பியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் பேடு தேயத் தேய நாம்தான் திருகி நெருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் அந்தத் தேய்மானத்தைப் பிரேக்கே ஈடு செய்துகொள்ளும், ஒற்றை விரலால் நிறுத்தலாம். நீண்ட இறக்கத்தில் கை வலிக்காமல் இருப்பது எம்டிபி ஓட்டுபவருக்கு ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. அதனால் எம்டிபிக்கு ஹைட்ராலிக் என்று தயங்காமல் சொல்வேன். தினசரி சைக்கிளுக்கு நல்ல வி-பிரேக்கோ கேபிள் டிஸ்க்கோ போதும்.

ஹைட்ராலிக்கில் மறக்கக் கூடாதது எண்ணெய். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் (DOT) பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டிஸ்க்கின் தடிமனையும் அவ்வப்போது அளக்க வேண்டும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பேடில் ரெசின் வகை சத்தம் குறைவு, தினசரிக்குச் சரி. உலோகத் துகள் கலந்த வகை சேற்றிலும் சூட்டிலும் அதிக நாள் உழைக்கும். ஆனால் ரெசின் பேடுக்கு மட்டும் என்று எழுதிய டிஸ்க்கில் அதைப் போடக் கூடாது.

கியர்: முன்னால் மூன்று பல்சக்கரமா, ஒன்றா?

ஸ்ராம் 2012இல் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுப்பைக் கொண்டுவந்த பிறகு, முன்னால் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் பெரிய கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) என்பது எம்டிபியின் வழக்கமாகிவிட்டது. 2016இல் ஸ்ராமின் ஈகிள் 10-50 பல்லோடு (மிகச் சிறிய சக்கரத்தில் 10, மிகப் பெரியதில் 50) பன்னிரண்டு கியருக்குப் போனது. 2018இல் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் 10-51 வந்தது. முன்னால் மூன்று செயின்ரிங் உள்ள பழைய சைக்கிளை வைத்திருப்பவர் இதையெல்லாம் பார்த்து ஏங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

முன்னால் 42-32-22 பல், பின்னால் 11-32 என்ற எட்டு கியர் கேசட்டை எடுத்துக்கொள்வோம். மிகக் கனமான கியருக்கும் மிக இலேசான கியருக்கும் உள்ள விரிவு 555 சதவீதம். 10-51 கேசட் தருவது 510. 11-46 தருவது 418. ஆக, பழைய அமைப்பின் வீச்சுதான் பெரியது. ஒற்றை செயின்ரிங் தரும் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டீரெய்லர் முன்னால் கிடையாது, இடது கை சும்மா இருக்கும். அகலப் பல்லும் ஒல்லிப் பல்லும் மாறி மாறி வரும் செயின்ரிங்கும், கிளட்ச் வைத்த பின் டீரெய்லரும் சேர்ந்து, குலுங்கும் பாதையில் செயினை விழாமல் பிடித்து வைக்கும். எம்டிபிக்கு இது பெரிய விஷயம். சமமான சாலையில் ஓடும் சைக்கிளுக்கு இதனால் அவ்வளவு பயன் இல்லை.

இந்த மாற்றம் கையோடு இழுத்து வரும் செலவையும் பாருங்கள். 10 பல்லில் தொடங்கும் கேசட், பழைய எச்ஜி வகை ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் கேசட் மாட்டும் பாகம்) ஏறாது. ஸ்ராமுக்கு எக்ஸ்டி, ஷிமானோவுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் ஃப்ரீஹப் வேண்டும், பல பழைய ஹப்புகளுக்கு அது கிடைப்பதே இல்லை. ஷிஃப்டர் (கியர் மாற்றும் கைப்பிடி), டீரெய்லர், செயின் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். இவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவருக்கு நடுவில் நல்ல வழி இருக்கிறது. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் ஒன்பது கியரில் 11-42 தருகிறது. 2023இல் வந்த ஷிமானோ க்யூஸின் லிங்க்கிளைடு கேசட் பழைய எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே ஏறும். பற்கள் தடிப்பானவை, பழைய வகையைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று ஷிமானோ சொல்கிறது. பழைய எம்டிபியைப் புதுப்பிப்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த வகையைத்தான்.

தினசரி சைக்கிளுக்கு இன்னொரு போட்டியாளர் ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த சக்கரம். ஷிமானோ நெக்ஸஸ் எட்டு கியரின் வீச்சு 307 சதவீதம், ரோலாஃப் பதினான்கு கியருக்கு 526. சிக்னலில் நின்றபடியே கியரைக் குறைக்கலாம், செயினுக்கு முழு மூடி போடலாம், மழையும் தூசியும் எட்டாது. பின் சக்கரத்தைக் கழற்ற மட்டும் கூடுதல் நேரம் ஆகும். சின்ன மேடுகள் உள்ள ஊர்ப் பயணத்துக்கு நெக்ஸஸ் எட்டே தாராளம்.

செயின் மட்டுமா, கேசட்டும் சேர்த்தா?

இதற்கு ஓர் இரும்பு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்து நான்கு கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மில்லிமீட்டர். பதினொன்று, பன்னிரண்டு கியர் என்றால் 306.3 ஆனதும் செயினை மாற்ற வேண்டும். அதற்குக் குறைந்த கியருக்கு 307 வரை போகலாம். அந்த நேரத்தில் மாற்றினால் ஒரே கேசட் பல செயின்களைப் பார்த்துவிடும். தாண்டவிட்டால் கேசட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் துடுப்பு போல ஆகிவிடும். அதில் புதுச் செயினைப் போட்டு அழுத்தி மிதித்தால் நழுவி உதறும். விலை கூடிய பன்னிரண்டு கியர் கேசட்டில் இந்த அளவைத் தவறவிடவே கூடாது. மலிவான எட்டு கியர் போட்ட தினசரி சைக்கிளில் செயின், கேசட் இரண்டையும் சேர்ந்தே தேயவிட்டு ஒரே நாளில் மாற்றுவதும் நியாயமான வழிதான்.

ஃபோர்க்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தினசரி சைக்கிளில் இருக்கும் மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கைவிடச் சாதாரண இரும்பு ஃபோர்க் இலேசானது, கவனிப்பும் கேட்காது. நீளம் மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பும் தன்மை மாறிவிடும். எம்டிபியில் புது ஃபோர்க் வாங்கும் முன் இருப்பதைத் திறந்து எண்ணெயும் நுரை வளையங்களும் மாற்றிப் பாருங்கள். ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களைச் சுத்தம் செய்யச் சொல்கிறது. பலர் வருடக்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை.

கடைசியாகச் செயின் எண்ணெய். மழையில் ஓட்டுபவருக்கு ஈர வகை, தூசிப் பாதைக்கு உலர் வகை அல்லது மெழுகு. மெழுகு செயினை மிகச் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் ஒரு நல்ல மழை பிடித்தால் திரும்பப் போட வேண்டும். எதைப் போட்டாலும் ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் அதன் தூறல் பின் டிஸ்க்கில் படிந்தால் பேடு எண்ணெயைக் குடித்துவிடும். அப்புறம் அந்தப் பேடை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.