சின்ன அந்துப்பூச்சி பார்க்க 10 மடங்கு கைவில்லை: வாங்கலாமா?

நகைக்கடைகளில் கல் பார்க்க எடுப்பார்களே, உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்கு லென்ஸ், பள்ளிக்கூடத்தில் கைவில்லை என்று படித்தது, அதைத்தான் கொஞ்சக் காலமாக அந்துப்பூச்சி பார்க்கப் பாவிக்கிறேன். திருகோணமலை டவுனில் வாங்கியது. பிராண்ட் எதுவும் கிடையாது, மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த 10 மடங்கு வகை. சின்ன அந்துப்பூச்சிகளில் உண்மையான ஆர்வம் இருந்தால் கமெராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான் என்பது என் முடிவு.

கடையில் கேட்டால் 30, 40 என்று பெரிய எண் பொறித்ததைத்தான் முதலில் நீட்டுவார்கள். எண்ணை நம்ப வேண்டாம், கணக்கு லேசானது. 250 மில்லிமீற்றரை உருப்பெருக்கத்தால் வகுத்தால் லென்ஸின் குவியத் தூரம் வரும், அதாவது தெளிவாகத் தெரிய லென்ஸிலிருந்து ஏறத்தாழ எவ்வளவு தள்ளிப் பூச்சியைப் பிடிக்க வேண்டும் என்பது. 10 மடங்குக்கு 25 மி.மீ., 30 மடங்குக்கு 8 மி.மீ. சொச்சம். ஆகவே 30 என்று எழுதிய லென்ஸ் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தும் தெளிவாகக் காட்டுகிறது என்றால் அது ஏறத்தாழ 10தான். உண்மையான 30 கிடைத்தாலும் உயிரோடு இருக்கும் பூச்சிக்கு உதவாது, அவ்வளவு கிட்டத்தில் உங்கள் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். பத்திரிகைத் தாளில் ஒரு வரியைப் பார்த்தே வாங்குங்கள்: ஓரத்து எழுத்து வளையாமல், நீலமும் சிவப்புமாக விளிம்பு கட்டாமல் இருந்தால் நல்ல சாமான். சின்ன லைட் பொருத்தி வரும் வகை எனக்குப் பிடிக்கவில்லை. நேர் வெளிச்சத்தில் சிறகின் செதில்கள் பளபளத்து அடையாளம் எல்லாம் அழிந்துவிடுகிறது, ஜன்னல் பக்கமிருந்து சாய்வாக விழும் பகல் வெளிச்சம் போதும்.

சரி, இதனால் என்ன தெரிகிறது?

தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் வயல் உள்ள எவருக்கும் இலைசுருட்டியைத் தெரியும். புழு நெல் இலையை நீளவாக்கில் மடித்து நூலால் கட்டிக்கொண்டு உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டும். அதன் அந்து மஞ்சள் கலந்த பழுப்பு, சிறகில் கருங்கோடுகள். ஆனால் இந்த வேலையைச் செய்வது ஒரே இனம் அல்ல. பரவலானது நஃபலோக்குரோசிஸ் மெடினாலிஸ், கெனே 1854 இல் பெயரிட்டது. கிட்டத்தட்ட அதே தோற்றமுள்ள மராஸ்மியா பட்னாலிஸை பிராட்லி தனி இனமாக விவரித்தது 1981 இல்தான். இரண்டும் நெல்லில்தான், இரண்டும் இரவில் லைட்டுக்கு வரும். மெடினாலிஸின் முன்சிறகில் இரண்டு முழுக்கோடுகளுக்கு நடுவே ஒரு கட்டைக்கோடு இருக்கும், ஆணுக்கு முன்விளிம்பின் நடுவில் கருஞ்செதில் குஞ்சம் ஒன்றும் உண்டு. வெறுங்கண்ணுக்கு அது வெறும் கறை. லென்ஸுக்குள் பார்த்தால் மேலெழும்பி நிற்கும் கற்றை என்று வடிவாகத் தெரிகிறது, அந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு எனக்குச் சரி.

நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பானில் கதை தலைகீழ், ஒரே இனம் இரண்டு போலத் தெரியும். பெண் மஞ்சள், ஒவ்வொரு முன்சிறகிலும் ஒரு கரும்புள்ளி. ஆண் மங்கிய பழுப்பு, புள்ளி சரியாகத் தெரியாது. இரண்டையும் வேறு வேறு பூச்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். பெண்ணின் வயிற்று நுனியில் அடர்ந்த மயிர்க்கற்றை இருக்கும், முட்டைக் குவியலை அதனால்தான் மூடுகிறது. 10 மடங்கில் அது அச்சொட்டாகத் தெரியும்.

குடும்பம் பிரிப்பதற்கும் இது போதும். பூச்சியைத் தெளிவான சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்து, பிரிட்ஜில் சில நிமிடம் வைத்து எடுத்தால் அசையாமல் இருக்கும், கீழ்ப்பக்கத்தையும் பார்க்கலாம். இலைசுருட்டிக் குடும்பத்துக்கு உறிஞ்சுகுழலின் அடியில் செதில் படிந்திருக்கும், இலை பிணைக்கும் டோர்ட்ரிசிட் குடும்பத்துக்கு அது வெறுமையாக இருக்கும். வீட்டுச் சுவரில் பூசணி விதை மாதிரி ஒரு கூட்டை இழுத்துக்கொண்டு திரியும் புழுவின் அந்துவுக்குத் தலையில் கலைந்த மயிர். படம் போட்டதும் இனப்பெயர் வரை சொல்லிவிடும் ஆப்கள் இவை எதையும் பார்ப்பதில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் இவை விழுவதே அபூர்வம்.

ஆனால் லென்ஸ் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. எட்வர்ட் மெய்ரிக் (1854–1938) 14,000க்கும் மேற்பட்ட சின்ன அந்துப்பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தவர், இலங்கைப் பூச்சிகளும் அதில் நிறைய. சிறகின் நரம்பு, வாய்க்கு முன்னால் உள்ள உணர்வுறுப்புகள் போன்ற வெளித்தோற்றத்தை வைத்தே பிரித்தார், பிறப்புறுப்பை வெட்டிப் பார்க்கும் முறையை அவர் பயன்படுத்தவில்லை. நெருங்கிய இனங்கள் வேறுபடுவதோ பெரும்பாலும் அங்கேதான், அதனால் பிறகு வந்தவர்கள் அவருடைய மாதிரிகளைத் திரும்ப எடுத்து, வயிற்றை பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. நம்முடைய கத்தரிக்காயைத் துளைக்கும் லியூசினோடெஸ் ஓர்பொனாலிஸையே எடுங்கள். ஆபிரிக்காவிலும் அதுதான் இருக்கிறது என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிறப்புறுப்பையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்ட 2015 ஆய்வு, அங்கே இருப்பவை தனித்தனி இனங்கள் என்று காட்டியது. சிறகைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. லென்ஸில் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு, அதாவது பெயரின் முதற்சொல்லோடு, நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரத்தில் எழுதிய தவறான இனப்பெயரை விட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் அந்தப் பதிவை நம்பித்தான் இன்னொருவர் இந்தப் பூச்சி திருகோணமலையில் உண்டு என்று எழுதப்போகிறார்.

குறைகள் உண்டு. பார்வைப் பரப்பு மிகச் சின்னது, சிறகு முழுவதும் ஒரே பார்வையில் அடங்காது. பழக்கமும் வேண்டும்: லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பூச்சியைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர். அப்புறம் நம்முடைய உப்புக்காற்று. என்னுடையதில் மடக்கும் இடத்துத் திருகாணி ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது. மாரிக் காலத்து ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுக்க வழியில்லை, அதனால் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். 5க்கு 4 கொடுப்பேன். திருகாணி பித்தளையில் இருந்திருந்தால் முழுதாகவே கொடுத்திருப்பேன்.