படகு ஓடும்போது ஆட்டத்தை அடக்குவது எது: ஃபின்னா, ஜைரோவா, ரோட்டாரா?

மோட்டார் யாட் என்னும் உல்லாசப் படகில் நீண்ட தூரம் போகிறவர்களைப் பாடாய்ப்படுத்துவது பக்கவாட்டு ஆட்டம். படகின் முன்பகுதியான அணியம் அலையில் ஏறி இறங்குவதற்கு உடம்பு ஓரளவு பழகிவிடும். இடமும் வலமுமாகச் சரிந்துகொண்டே இருந்தால் அடுப்படியில் நிற்க முடியாது, படுத்தாலும் தூக்கம் வராது. இந்த ஆட்டத்தை அடக்கப் பல கருவிகள் இருக்கின்றன. நங்கூரமிட்டு நிற்கும்போது எது நல்லது என்பது தனிக் கேள்வி. இங்கே நான் பார்ப்பது படகு ஓடிக்கொண்டிருக்கும்போது எது நன்றாக உழைக்கிறது என்பதை.

முதலில் ஃபின். படகின் நடுப்பகுதியை ஒட்டி, அடிப்பாகம் வளைந்து மேலேறும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகுகள். படகு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை உணரி சொல்ல, ஹைட்ராலிக் அல்லது மின் மோட்டார் சிறகைத் திருப்புகிறது. சரியும் பக்கத்துச் சிறகு தண்ணீரில் மேலே தூக்கும், மறுபக்கத்தது கீழே இழுக்கும். விமான இறக்கையின் வேலைதான், ஊடகம் மட்டும் தண்ணீர்.

இதன் பலமும் பலவீனமும் ஒரே கணக்கில் இருக்கின்றன. சிறகு தரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 6 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு 12 நாட்டில் கிடைக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள்: 10 நாட்டில் போய்க்கொண்டிருந்தவர் கடல் கெட்டுவிட்டதென்று 7 நாட்டுக்குக் குறைத்தால், ஃபின்னின் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது இளைத்துப்போகிறது. 80 சதவீதம், 90 சதவீதம் ஆட்டம் குறையும் என்று விளம்பரங்கள் சொல்லும்போது, எந்த வேகத்தில் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

சரி, ஜைரோ? படகுக்குள் ஒரு கனத்த சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கிறது. படகு சரியும்போது சக்கரத்தின் அச்சு முன்பின்னாகச் சாய, அதனால் எதிர்முறுக்கு பிறக்கிறது. இந்த முறுக்குக்குப் படகின் வேகம் தேவையே இல்லை. 2 நாட்டிலும் 20 நாட்டிலும் ஒரே பலம். படகுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, இழுவையும் இல்லை. யோசனையும் பழையது: 1932-ல் ஓடத் தொடங்கிய காண்டே டி சவோயா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலிலேயே மூன்று பெரிய ஜைரோக்கள் இருந்தன.

ஆனால் அலை பின்பக்கமாகக் கோணத்தில் வரும்போது ஜைரோவின் எல்லை தெரிந்துவிடும். அலையும் படகும் ஒரே பக்கம் போவதால் ஆட்டம் மெதுவாகிறது. படகு ஒருபுறம் சரிந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. ஜைரோவின் அச்சோ ஓரளவுக்கு மேல் சாய முடியாது. எல்லையைத் தொட்டதும் முறுக்கு நின்றுவிடும். பக்கக் காற்று தொடர்ந்து தள்ளினாலும், வளைந்து திரும்பும்போது படகு சாய்ந்தாலும் இதே கதைதான். ஃபின்னுக்கு இந்தத் தடை இல்லை. படகு ஓடும்வரை ஒரே கோணத்தில் நின்று எத்தனை நேரமானாலும் தாங்கிப் பிடிக்கும். பின்கோண அலையில் அதுவும் முழுத் திறமையோடு இருக்காது என்பது உண்மை. விசை ஓரளவு பக்கவாட்டிலும் தள்ளுவதால் படகின் திசையைக் கொஞ்சம் அலைக்கழிக்கும். வளைந்த சிறகுகள் இந்தத் தொல்லையைக் குறைக்கின்றன. இருந்தும் 8 முதல் 12 நாட்டில் நாள் முழுக்க ஓடும் கனமான படகுக்கு நான் ஃபின்னைத்தான் தேர்ந்தெடுப்பேன். கடல் கடக்கும் பயணத்தில் எந்தப் பக்கத்து அலையும் வரும். சரிவை விடாமல் தாங்குவது அங்கே பெரிய விஷயம்.

அதற்கு விலை உண்டு. சிறகுகள் இழுவை தரும், எரிபொருள் தின்னும். மிதக்கும் கயிறும் வலையும் சிக்கலாம். தரைதட்டினால் முதலில் அடிபடுவதும் சிறகுதான். நல்ல வடிவமைப்பில் தண்டு படகுக்கு வெளியே முறியும், உள்ளே தண்ணீர் வராது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அளவு. நிற்கும்போதும் வேலை செய்யும் ஃபின் வேண்டுமென்றால் சிறகு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அப்போது அது துடுப்புபோல் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். அந்தப் பெரிய சிறகை 20 நாட்டில் இழுத்துச் செல்வது வீண் சுமை. வேகமாக ஓடுவதற்கோ சிறிய சிறகே போதும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அளவு வைத்தால் இரண்டிலும் கொஞ்சம் இழக்கிறோம். வேகப் படகுக்காரர் நங்கூரத்துக்கு ஜைரோ வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு இன்டர்செப்டரை நம்பலாம். பின்விளிம்பில் மேலும் கீழும் நகரும் தகடுகள் அவை; வேகத்தில் ஆட்டத்தையும் அணியத்தின் உயரத்தையும் சேர்த்துக் கவனிக்கும். மெதுவான ஓட்டத்தில் அவற்றால் பயனில்லை.

மெதுவாகவே ஓடுகிறவர்களுக்கு ரோட்டார் இருக்கிறது. சிறகுக்குப் பதிலாகச் சுழலும் உருளை. 1850-களில் மாக்னஸ் ஆராய்ந்த அதே விளைவு: சுழலும் பொருளைத் தாண்டி நீரோ காற்றோ ஓடினால், அது ஒரு பக்கமாகத் தள்ளப்படும். சுழற்சியும் விசையைக் கூட்டுவதால் ஃபின் திணறும் குறைந்த வேகத்திலும் நல்ல பிடி. தேவையில்லாதபோது மடக்கிவைக்கும் வகையும் உண்டு. வேகம் கூடக் கூட அதன் சாதகம் கரைந்துவிடும்.

மீன்பிடிப் படகுகளிலிருந்து வந்த பாராவேனையும் சொல்லாமல் விட மனமில்லை. இருபக்கமும் நீட்டிய கம்புகளிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் தகடுகள். மின்சாரம் வேண்டாம், உணரி வேண்டாம், பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. வேகத்தைக் கொஞ்சம் தின்னும், இறக்கி ஏற்றுவது உழைப்பு. 7 நாட் வேகத்தில் ஓட்டுகிறவர் கூச்சப்படாமல் யோசிக்கலாம்.

எதை வாங்கப் போனாலும் விற்பவரிடம் உங்கள் படகின் எடையையும் நீங்கள் உண்மையில் ஓட்டும் வேகத்தையும் கொடுத்து, அந்த வேகத்துக்கான கணக்கைக் கேளுங்கள். அப்புறம், கடல் சோதனைக்குப் போனால் பின்கோண அலையிலும் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.