ஈரமும் வாழைக் கறையும் தாங்கும் மடக்குக் கத்தி: பல வருஷப் பயன்பாட்டு அனுபவம்

மடக்குக் கத்தி என்றாலே எஃகு எந்த ரகம், கூர் எத்தனை நாள் நிற்கும் என்றுதான் பேச்சு தொடங்கும். காவிரிக் கரையில் இருப்பவருக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஈரத்திலேயே கிடந்தால் அந்தக் கத்தி என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் கொடியில் போட்ட துணியே காயாது. வயலில் சேறு, படுகையில் வாழைக் கறை, கையில் வியர்வை, போதாததற்கு உரம். குளிர்தேசத்தில் இருப்பவர் நல்ல கத்தி என்று சொல்வது இங்கே ஒரு மழைக்காலம் தாண்டுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டி பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே எங்களுக்கு நெல்லும் வாழையும். மூன்று விதமான கத்திகளைப் பல வருஷம் இடுப்பில் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

என் கத்திக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரியும். வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கும்போது பிளாஸ்டிக் கயிறு அறுக்க வேண்டும். பூவன் வாழையில் இலை அறுக்க வேண்டும், நார் கிழிக்க வேண்டும். குறுவைக்கு மெஷின் நடவு என்றால் பாய் நாற்றங்காலைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் எங்காவது பிய்ந்துபோனால் அந்த இடத்தை நேராக நறுக்கி இணைப்பு போட வேண்டும். மோட்டார் கொட்டகையில் மெயினை அணைத்துவிட்டு ஒயர் சீவுவது, வரப்பில் உட்கார்ந்து மாங்காய் நறுக்குவது. இவ்வளவுதான். வாழைத்தார் வெட்டுவதற்கும் இளநீர் சீவுவதற்கும் அரிவாள் இருக்கிறது. அந்த வேலைகளை மடக்குக் கத்தியிடம் எதிர்பார்க்கவே கூடாது. உர மூட்டை பிரிக்கக்கூட கத்தி தேவையில்லை. சாக்கு வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல். சரியான முனையில் நூலை அவிழ்த்து இழுத்தால் ஒரே இழுப்பில் மொத்தமும் வந்துவிடும். வெட்டிப் பிரித்த சாக்கு மறுபடி உதவாது, அவிழ்த்த சாக்கு அடுத்த அறுவடை வரை உழைக்கும்.

முதலில் வைத்திருந்தது உள்ளூர்ப் பட்டறையில் அடித்த கத்தி. லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தது, மடக்க வராது, தோல் உறை போட்டது. நான் எல்லா வேலைக்கும் ஒரே கத்தி கேட்டுப் போனபோது ஆசாரி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, கிளையும் வெட்டணும், நாரும் கிழிக்கணும்னா ரெண்டுக்குமே ஆகாது. எது வேணும்னு சொல்லுங்க." வெட்டுகிற கத்திக்கு முதுகு தடித்திருக்க வேண்டும், கீறுகிற கத்திக்கு மெலிந்திருக்க வேண்டும். நான் மெலிந்ததைக் கேட்டேன். அவரும் தோய்ச்சலை, அதாவது எஃகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவதை, நன்றாகவே போட்டுக் கொடுத்தார். கூர் நின்ற விதத்தில் அதற்கு இணையாக என்னிடம் இன்றுவரை வேறு கத்தி இல்லை. ஆனால் உறையோடு இடுப்பில் தொங்கும் கத்தியை வயலில் வைத்திருக்கலாம், தஞ்சாவூர் பஸ்ஸில் வைத்துக்கொண்டு ஏற முடியாது. மழைக்காலத்தில் தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது, உள்ளே இருக்கும் கத்தி துருவேறும். இப்போது அது உறையில்லாமல் மோட்டார் கொட்டகைச் சுவரில் எண்ணெய் தடவித் தொங்குகிறது. அங்கே அதற்கு நிறைய வேலை உண்டு.

அடுத்தது மரக் கைப்பிடி வைத்த மடக்குக் கத்தி, கார்பன் எஃகு, அதாவது துருப்பிடிக்கிற ரகம். பிடிக்க அவ்வளவு இதமான கத்தி. கையிலேயே வைத்திருக்கத் தோன்றும். சித்திரை வைகாசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழை தொடங்கியதும் மரம் உப்பிக் கத்தியைக் கவ்விக்கொண்டது. நகம் பெயர இழுத்தால்தான் திறக்கும். எந்த மரமானாலும் ஈரத்தில் உப்பத்தான் செய்யும், ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தால் கொஞ்சம் தணியும். ஆனால் சேற்றுக் கையோடு ஒரு கயிற்றை அவசரமாக அறுக்க வேண்டிய நேரத்தில் திறக்காத கத்தியால் என்ன பயன்?

கார்பன் எஃகையும் வாழைக் கறையையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாழைப்பாலில் துவர்ப்புத் தரும் டானின் நிறைய. அது இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறுப்பு நிறம் உண்டாகும். கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையை வைத்துத்தான். அதனால் வாழை அறுத்த கார்பன் கத்தி கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மெல்லிய அந்தப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதே கத்தியில் மாங்காய் நறுக்கினால்தான் தொல்லை, துண்டின் ஓரம் கறுக்கும், நாக்கில் இரும்பு வாடை தட்டும். தின்பதற்கும் தோட்டத்துக்கும் ஒரே கத்தி என்றால் கார்பன் எஃகு ஒத்துவராது.

இப்போது நிலையாக என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் பயனியர் மடக்குக் கத்தி. மடக்கினால் 93 மில்லிமீட்டர், கத்தி மட்டும் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். சுவிஸ் ராணுவத்தில் 1961 முதல் 2008 வரை சிப்பாய்களிடம் இருந்த கத்தியின் நெருங்கிய உறவு இது. கைப்பிடி அலுமினியம், மேலே சொரசொரப்பாக வரி போட்டிருப்பதால் ஈரக் கையிலும் வழுக்குவதில்லை. உப்பவும் உப்பாது. சேறு புகுந்தால் வாய்க்கால் தண்ணீரில் திறந்து மூடி அலசினால் போதும். எஃகு துருப்பிடிக்காத ரகம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழலுக்காக உலோகக் கலவைகளைச் சோதித்தபோது கைக்கு வந்த எஃகுதான், சீக்கிரமே மேசைக் கத்தியாக மாறியது. அதிலிருக்கும் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கிக் காக்கிறது, கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்கிறது. பட்டறைக் கத்தி அளவுக்குக் கூர் நிற்காது, உண்மைதான். ஆனால் தீட்டினால் சீக்கிரம் ஏறும். தினசரிக் கைவேலைக்கு அது எனக்குப் போதும்.

துருப்பிடிக்காது என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அந்தப் படலத்துக்கு எதிரி உப்பில் இருக்கும் குளோரைடு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. உள்நாட்டில் இருக்கும் நாமும் பொட்டாஷை மறந்துவிடுகிறோம். வாழைக்கு அள்ளி அள்ளி வைக்கும் அந்தச் சிவப்பு உரம் பொட்டாசியம் குளோரைடுதான். பொட்டாஷ் கையோடு கத்தியைத் தொட்டுவிட்டு அப்படியே மடக்கி வைத்தால் கீல் பக்கத்தில் ஊசிமுனைக் குழிகளாக அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே மடக்க வேண்டும். வாடல் நோய் கண்ட வாழைக் கட்டையில் வைத்த கத்தியை அடுத்த மரத்தில் வைப்பதற்கு முன் சுத்தம் செய்வது அவசியம், பாக்டீரியா வாடல் கத்தி வழியாகவே பரவும். ஆனால் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கினால் அது எஃகையும் தின்னும். நான் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கிறேன்.

அலுமினியக் கைப்பிடிக்கு வேறொரு எதிரி, நம் ஊருக்கே உரியது: வெற்றிலைச் சுண்ணாம்பு. காரம் அலுமினியத்தை அரிக்கும். பச்சை பெல்ட்டின் ஒரே பையில் சுண்ணாம்பு டப்பாவையும் இந்தக் கத்தியையும் போட்டு வைக்கக் கூடாது.

வாழைப்பால் கீலில் புகுந்து காய்ந்தால் கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும், தண்ணீருக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் சோப்புப் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். அதன் பிறகு கீலுக்குத் தேங்காய் எண்ணெயையே விடலாம், தின்கிற பொருளில் பட்டாலும் பயமில்லை. ஒரு விஷயம், 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். மார்கழி விடியலில் கத்தி இறுக்கமாகத் திறந்தால் காரணம் அதுதான். தையல் மெஷின் எண்ணெய் உறையாது, ஆனால் அதை விட்ட கத்தியில் மாங்காய் நறுக்க நான் விரும்புவதில்லை.

தீட்டுவதற்கு இரண்டு பக்கமுள்ள கார்போரண்டம் கல் ஒன்று போதும். கல்லுக்கு நேர்குத்தாகக் கத்தியை நிறுத்தி, பாதியாகச் சாய்த்து, அதையும் பாதியாகச் சாய்த்தால் ஏறக்குறைய 22 டிகிரி. அதைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் நம் வேலைக்குச் சரியான கோணம். கண்ணாடி போலப் பளபளப்பாகத் தீட்டுவதில் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் கயிறு, நார் போன்றவற்றில் அப்படிப்பட்ட விளிம்பு வழுக்கும். நடுத்தரச் சொரசொரப்பில் நிறுத்திவிட்டால் விளிம்பில் மிச்சமிருக்கும் நுண்பற்கள் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். வெளியூரில் கல் கிடைக்காத நாளில் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்குமே, அதில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைக்குத் தாங்கும். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளும் அரிவாள்மணையும் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக் கத்தியை வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் வைத்தால் நுனி சூடேறி நீலம் பாயும், நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அங்கே கூர் நிற்காது.

பயனியரில் கத்தியைப் பூட்டி நிறுத்தும் வசதி இல்லை, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். தன் பக்கமாகவோ கீழ்நோக்கியோ அறுக்கும் வேலைக்கு இது பிரச்சினையே இல்லை. நுனியால் குத்தித் திருகுகிறவர் பூட்டுள்ள கத்தியாகத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மடங்கி விரலில் விழும். பாய் நாற்றங்கால் வெட்டும்போதுதான் எனக்குப் பூட்டு இருந்தால் தேவலை என்று தோன்றும், மண்ணில் நுனி குத்துகிற வேலை அது. அதற்கு மட்டும் பட்டறைக் கத்தியை எடுத்துப் போகிறேன்.

எடுத்துச் செல்வதைப் பற்றி. கைலி மடிப்பில் செருகினால் குனியும்போது நழுவும். பச்சை பெல்ட்டின் பொத்தான் போட்ட பைதான் எனக்குச் சரிப்பட்டது. சட்டப்படி, ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 7 சென்டிமீட்டர் மடக்குக் கத்தி அந்தக் கணக்கிலேயே சேராது. இருந்தாலும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கோ கோர்ட்டுக்கோ போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், வாசலில் பையைச் சோதிக்கிற காவலரிடம் அங்குலக் கணக்குப் பேசி வேலை நடக்காது. திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது, கவுண்ட்டரில் போடும் பெட்டியில் வைக்கலாம். பக்கத்து வயல்காரர் கத்தி கேட்டால் எங்கள் பக்கம் கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை, வரப்பில் வைப்போம், அவர் எடுத்துக்கொள்வார். மடக்கி வைத்தால் இன்னும் நல்லது.

புதிதாக வாங்குகிறவர்கள் கைப்பிடியில் வளையமோ துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிற நைலான் கயிறு கட்டிவிடுங்கள். சேற்றில் விழுந்த வெள்ளிநிறக் கத்தி கண்ணில் படவே படாது. பச்சைக் கயிறு கட்டினால் நாற்றோடு நாற்றாகப் போய்விடும்.