ஆயில் பிரஷர் கேஜ் கிட்: என்ஜினை இறக்கும் முன் வாங்க வேண்டியது

செட்டிநாட்டில் கைமாறும் பழைய கார்களில் ஒரு ரகம் உண்டு. ஊர் வீட்டு ஷெட்டிலேயே நின்று, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வந்த கார். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு, பெயிண்டில் கீறல்கூட இருக்காது. வாங்கி ஓட்டினால், என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் லைட், அதாவது ஆயில் பிரஷர் குறைவு எச்சரிக்கை, மினுக்கும். "பேரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்பார் மெக்கானிக். தலையாட்டும் முன், பிரஷரை நேரடியாக அளக்கும் இந்த கேஜ் கிட்டுக்கு ரூ.2,000 வாக்கில் செலவழிக்கலாம்.

எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது 0–10 பார் கேஜ், ரப்பர் ஹோஸ், பித்தளை அடாப்டர்கள். மாருதி, டொயோட்டா என்ஜின்களில் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் பைப்) மரை, அங்குலத்துக்கு 28 புரி. கூடவே கிடக்கும் 1/8 என்பிடி (அமெரிக்க பைப்) அடாப்டரில் 27. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஓரிரு சுற்று ஏறவும் செய்யும். அதை நம்பி ஸ்பேனர் போட்டால் அலுமினிய ஹவுசிங்கில் மரை காலி. அடாப்டரில் குறி போடாமல் விற்பது இந்த கிட்டின் பெரிய குறை.

ஆயில் லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டுங்கள். ஹோஸ் சைலன்சர் பைப்பிலும் பெல்ட்டிலும் படக்கூடாது. ஸ்டார்ட் செய்து கசிவு பாருங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. காரை நிறுத்தியபடியே ஐடிலிங்கில் பொறுமையாக விட்டு, பிறகு ஐடிலிங், 2,000, 3,000 ஆர்பிஎம்மில் அளவெடுங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்பது பழைய கணக்கு. கம்பெனி மேனுவல் சொல்வதே முடிவு.

கேஜில் பிரஷர் சரி, டேஷ்போர்டில் மட்டும் லைட் என்றால் சுவிட்சோ ஒயரோதான் கோளாறு. ஐடிலிங்கில் குறைந்து, ரேஸ் கொடுத்தால் ஏறினால் எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல், டீசல் வாடை வருகிறதா பாருங்கள். சரியான கிரேடு புது ஆயிலிலும் அப்படியே என்றால்தான் பேரிங், பம்ப் பக்கம் போக வேண்டும். ரேஸ் கொடுத்தும் ஏறவே இல்லையா? மிகுதி பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

ஷெட் கார்களில் முதல் சந்தேகம் சம்ப்புக்குள், அதாவது என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள்தான். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய என்ஜினில் ஆயில் முழுதாகச் சூடாவதே இல்லை. ஈரம் தங்கி, கறுப்பு மசியாகி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். 3,000-இல் பிடித்து வைத்தால் பிரஷர் மெல்ல இறங்கும். நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டால் திரும்ப வந்துவிடும். ஸ்ட்ரெய்னர் பைப்பின் ஓ-ரிங் காய்ந்து காற்றை இழுத்தால் முள் நடுங்கும். அரை லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றியதும் முள் நிதானித்தால் ஓ-ரிங்தான். சோதித்ததும் அந்தக் கூடுதல் ஆயிலை வடித்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் சம்ப்பை இறக்கினால் போதும், என்ஜினை வேண்டாம்.

இன்னொரு குறை ஸ்கேல். ஐடிலிங்கில் நமக்கு வேண்டியது முதல் ஒரு பார். இந்த டயலில் அது பத்தில் ஒரு பங்குதான். 0–4 பார் கேஜ் தனியாக வாங்கி, ஆயில் சூடான பிறகு மாட்டி ஐடிலிங் அளவை மட்டும் பாருங்கள். குளிர்ந்த என்ஜின் எளிதாக 4 பாரைத் தாண்டும், கேஜ் கெட்டுப்போகும்.

சுவிட்சைத் திரும்ப மாட்டும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளாதீர்கள். ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு மரை வழியாகத்தான் எர்த். அது விட்டுப்போனால் பிரஷரே இல்லாவிட்டாலும் லைட் எரியாது. வாங்கப்போகும் காரில் கேஜ் மாட்ட விடமாட்டார்கள் என்றால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஆயில் லைட் எரிகிறதா என்றாவது பாருங்கள். எரியவில்லையா, ஒயரைக் கழற்றிவிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.