ஈ.எஸ்.எல். 57-க்கு எந்த ஆம்ப்? செட்டிநாட்டு வீட்டுக்கு குவாட் 303

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய குவாட் ஈ.எஸ்.எல். 57 ஸ்பீக்கரை (மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தரும் எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை) வைக்க நினைப்பவர்கள் வீட்டின் அளவைப் பார்த்துத்தான் ஆம்ப் தேடுகிறார்கள். பட்டாலை என்ற பெரிய கூடம் நீளம், கூரை உயரம், அதனால் 100 வாட்டாவது வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த ஸ்பீக்கருக்கு அந்த முடிவு ஆபத்தானது. இதற்கு வாட்டை விட வோல்ட்தான் முக்கியம்.

1957-ல் விற்பனைக்கு வந்து 1985 வரை தயாரான இந்த ஸ்பீக்கர் தாங்கும் உச்ச மின்னழுத்தம் 33 வோல்ட். ஆர்.எம்.எஸ். (வாட் கணக்கிட உதவும் பயனுறு மதிப்பு) கணக்கில் சுமார் 23. 8 ஓமுக்கு மாற்றினால் 68 வாட் வருகிறது. 100 வாட் ஆம்பின் உச்சமோ 40 வோல்ட். எல்லையைத் தாண்டினால் ட்ரெபிள் பேனலுக்குள் பொறி பாயும். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், லேசான ஓசோன் வாடை, அவ்வளவுதான் தெரியும். சவ்வில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கும். அதன் விளிம்பு கருகிவிடுவதால் அடுத்த பொறியும் அங்கேயே பாயும். பிறகு பேனலையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் இம்பிடன்ஸ், அதாவது ஒலிச் சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை. பெயருக்கு 16 ஓம் என்றாலும் கீழ்ஸ்தாயியில் 30 ஓமைத் தாண்டும், 18 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். ஆம்புக்கு இது ஒரு பெரிய கெபாசிட்டரை மாட்டியது போலத்தான். நிலைப்பு இல்லாத ஆம்ப் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆட ஆரம்பிக்கும். பாட்டு நன்றாகவே கேட்கும், ஆனால் ஆம்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவு சுடும்.

இரண்டையும் சமாளிக்கும் ஆம்ப் குவாட் 303. 1967-ல் வந்தது, 8 ஓமில் சேனலுக்கு 45 வாட். உள்ளே 67 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளை ஒன்றுதான். அதில் பாதி, அதாவது 33 வோல்ட்டை ஒட்டித்தான் வெளியீடு ஏறி இறங்க முடியும். வால்யூமை எவ்வளவு திருப்பினாலும் ஸ்பீக்கரின் எல்லையோடு ஆம்ப் நின்றுவிடும். வெளியீட்டில் சேனலுக்கு 2000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருப்பதால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் டி.சி. (நேர்மின்சாரம்) ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகாது. காரைக்குடி பாணி வீணைப் பதிவு ஒன்றைப் போட்டால் மீட்டு முடிந்த பிறகு கமகம் தேயும் இழை கடைசி வரை கேட்கிறது. தவில் தனியாவர்த்தனம் வேறு விஷயம். சத்தமாக வைத்தால் அடி மழுங்கும். அது ஸ்பீக்கரின் எல்லை, பெரிய ஆம்ப் போட்டாலும் தீராது.

வாங்கும் 303 எப்படியும் பழையதாகத்தான் இருக்கும். மின்னழுத்தத் தேர்வை 240-ல் வைத்து, 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் லாம்ப் வழியாக முதலில் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரியாக இருந்தால் நேரடி மின்சாரத்தில் சப்ளை 67 வோல்ட் காட்டுகிறதா, வெளியீட்டு கெபாசிட்டருக்கு முன்னால் ஒவ்வொரு சேனலின் நடுப்புள்ளியும் அதில் பாதியா என்று அளக்க வேண்டும். பிறகு ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டி டி.சி. பாருங்கள். 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் நின்றால் வெளியீட்டு கெபாசிட்டர் கசிகிறது. மாற்றாத பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் என்றால் அளவு சரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அவை சீக்கிரம் வறண்டுவிடும். உள்ளீடு 4 பின் டின் சாக்கெட், அதற்கான கேபிளும் சேர்த்து வாங்குங்கள்.

வால்வு ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு குவாட் II. 15 வாட், இரண்டு கேடி66 வால்வுகள். ஸ்பீக்கரின் எல்லைக்கு உள்ளேயே நிற்கும், நடுஸ்தாயியில் மனிதக் குரல் 303-ஐ விடவும் நெருக்கமாக இருக்கும். வெளியீட்டை 15 ஓம் இணைப்பில் வைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர். அது கசிந்தால் கேடி66-இன் கிரிட் பாசிட்டிவ் ஆகி வால்வு தகடு சிவக்கும், இரண்டு வால்வுக்கும் பொதுவான 180 ஓம் கேதோட் ரெசிஸ்டர் கருகும், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது.

1975-இன் குவாட் 405 நல்ல ஆம்ப், ஆனால் 100 வாட். மின்னழுத்த லிமிட்டர் பொருத்தாத 405-ஐ 57-இல் மாட்டாதீர்கள். 1981-இல் வந்த ஈ.எஸ்.எல். 63-க்கு உள்ளேயே பாதுகாப்புச் சுற்று உண்டு, அதற்கு 405 பொருந்தும். மலிவான கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறை) ஆம்ப் போர்டுகள் வேண்டாம். அவற்றின் வெளியீட்டு ஃபில்டர் 4, 8 ஓமுக்காகக் கணக்கிட்டது, 2 ஓமில் ட்ரெபிளின் வடிவமே மாறிவிடும்.

இனி வீட்டு மின்சாரம். மரக் கேசிங்கில் இரண்டே கம்பி ஓடும் பழைய வயரிங்கில் எர்த் இருக்காது. இந்த ஸ்பீக்கரையும் மெயின்ஸில் செருக வேண்டும், உள்ளே பேஸ் பேனலில் 6000 வோல்ட், ட்ரெபிளில் 1500 வோல்ட். புதிதாக எர்த் குழி போட்டு மூன்று கம்பி இழுக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே மின்னூட்டம் நிற்கும், பழக்கமில்லாதவர்கள் பின் கிரில்லைத் திறக்கவே கூடாது. இந்த உயர் மின்னழுத்தம் மெயின்ஸின் உச்சத்தைப் பின்தொடர்வது. சதுர அலை இன்வெர்ட்டரில் உச்சம் குறைவு என்பதால் கரண்ட் போனதும் ஸ்பீக்கர் சோர்ந்துவிடும், ஆம்பும் ரீங்கரிக்கும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி. இரவில் மின்னழுத்தம் 250-ஐத் தாண்டும் தெருவானால் ஸ்டெபிலைசரும் வேண்டும், இல்லையேல் ஆம்ப் சரியாக இருந்தும் பொறி பாயலாம்.

பட்டாலை முழுவதையும் நிரப்ப இந்த ஸ்பீக்கரால் முடியாது. எட்டு, பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள், 303 போதும் என்பது அப்போது தெரியும். பின்பக்கமும் அதே அளவு ஒலி வருவதால் முட்டைச் சாந்து பூசிய வழவழச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடியாவது தள்ளி நிறுத்துங்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். வளவின், அதாவது திறந்த உள்முற்றத்தின், ஓரம் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழைச் சாரலும் ஈரக் காற்றும் பட்டால் உயர் மின்னழுத்தம் கசிந்து ஸ்பீக்கர் படபடவென்று பொரியும்.