ஐந்து நாள், தோளில் ஒரு வாத்தியம்: வியன்னாவா, பிராகா?

இரண்டும் ஷெங்கன் நாடுகளின் நகரங்கள். ஒரே விசா போதும். நடுவே ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். அதனால் வயலினோ செல்லோவோ சுமந்துகொண்டு மத்திய ஐரோப்பா போகிறவர்கள் பலர் இரண்டையும் ஐந்து நாளில் திணிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். கேட்பதற்காகப் போகிறீர்கள் என்றால் வியன்னாவிலேயே ஐந்து நாளும் இருங்கள். கையெழுத்துப் பிரதிகள், பழைய அரங்குகள், குறைந்த செலவு என்றால் பிராக். மே நடுவில் போவதானால் மட்டும் கணக்கு மாறும், அது பின்னால்.

நின்று கேட்பவருக்கு

வியன்னாவின் பலமே நிற்கும் இடம்தான். ஷ்டாட்ஸ்ஓப்பரில், அதாவது 1869-இல் திறந்த அரசு ஓப்பரா அரங்கில், 400-க்கும் மேற்பட்டவர்கள் நின்று பார்க்கலாம். தரைத்தளம், பால்கனி, உச்சியில் கேலரி என மூன்று இடங்கள். தரைத்தளத்தில் நிற்பவர் அரங்கின் நடுக்கோட்டில், மேடைக்கு நேர் எதிரே இருப்பார். அதே பார்வைக்கு இருக்கையில் உட்கார்ந்தால் பல மடங்கு விலை. கேலரியில் வாத்தியக் குழுவின் ஒலி நன்றாகக் கலந்து வரும். ஆனால் பக்கவாட்டில் இடம் கிடைத்தால் பாதி மேடை மறைந்துவிடும். உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டையோ ஸ்கார்ஃபையோ கட்டிவிட்டால் அது உங்கள் இடம், இடைவேளையில் தைரியமாக வெளியே போய் வரலாம். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். ஒரு ஸ்கார்ஃப் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்தச் சீட்டுகள் நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பனைக்கு வரும். விற்கும் நேரத்தையும் முறையையும் சில முறை மாற்றியிருக்கிறார்கள். பழைய பயணக் குறிப்பை நம்பி சாயங்காலம் கவுன்டரில் போய் நின்றால் ஏமாற்றம்தான். முந்தின நாளே அரங்கின் தளத்தைப் பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற வாத்தியக் குழுவின் வாசிப்பாளர்கள் எல்லோரும் இந்த ஓப்பரா வாத்தியக் குழுவிலிருந்து வருகிறவர்கள். ஃபில்ஹார்மோனிக்கின் சனி பிற்பகல், ஞாயிறு காலைச் சந்தாக் கச்சேரிகளுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அதே விரல்களை, அதே வியன்னா ஹார்னை, அதே ஆட்டுத்தோல் டிம்பனி முரசை, ஓப்பரா மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியக் குழியில் எந்த வார நாளிலும் கேட்கலாம்.

அடுத்தது மூசிக்ஃபெரைன் என்ற கச்சேரி அரங்கு, 1870 ஜனவரியில் திறந்தது. அதன் பொன் மண்டபம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். செருப்புப் பெட்டி வடிவம். அகலம் குறைவு என்பதால் பக்கச் சுவரில் மோதிய ஒலி, நேராக வரும் ஒலியை ஒட்டியே காதுக்கு வந்து சேர்கிறது. தந்திகள் அங்கே கனமாகக் கேட்பதற்கு அது முக்கியக் காரணம். நிற்கும் இடம் தரைத்தளத்தின் பின்பக்கம், தரை சமதளம். முதல் வரிசைக் கம்பி கிடைக்காவிட்டால் குள்ளமானவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு அதனால் நஷ்டமில்லை.

பிராகில் நிற்கும் பழக்கம் இந்த அளவுக்கு இல்லை. அங்கே முன்பதிவுதான் வழி. ருடோல்ஃபினம் என்ற கச்சேரி மாளிகையின் துவோர்ஷாக் மண்டபம் சிறியது, நெருக்கமானது. செக் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் கச்சேரியை 1896 ஜனவரி 4 அன்று செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கே இந்த இடத்தில் நடத்தினார். சில நிகழ்ச்சிகளுக்கு இறுதி ஒத்திகையையும் சீட்டு விற்றுத் திறந்து விடுகிறார்கள். வாசிப்பவர்களுக்கு மாலைக் கச்சேரியைவிட இது லாபம், நடத்துநர் எதற்கு நிறுத்துகிறார் என்று பார்க்கலாமே.

பிராகின் எஸ்டேட்ஸ் தியேட்டரில்தான் 1787 அக்டோபர் 29 அன்று மோட்ஸார்ட்டின் ‘டோன் ஜியோவான்னி’ ஓப்பரா முதல் முறையாக அரங்கேறியது. அந்தக் காலத்து வாத்தியக் குழு இசை எந்த அளவு கூடத்துக்காக எழுதப்பட்டது என்பது அங்கே உட்கார்ந்தால் தானாக விளங்கும். ஆனால் குதிரை லாட வடிவ அரங்கு அது: பக்கப் பெட்டிகளின் இரண்டாம் வரிசை மலிவு, மேடையில் பாதி தெரியாது. நடுப்பெட்டிக்கோ கீழ்த்தளத்துக்கோ கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

எந்த மாதம்

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு ஊருக்கும் ஆகாது. ஷ்டாட்ஸ்ஓப்பர் ஜூன் இறுதியில் பருவத்தை முடித்து செப்டம்பரில்தான் திறக்கும், பிராகின் பெரிய குழுக்களும் ஓய்வில் இருக்கும். அப்போது தெருவில் விற்பது சுற்றுலாக் கச்சேரி. வியன்னாவில் வெள்ளை விக்கும் பழங்கால அங்கியும் அணிந்தவர்கள் விற்பார்கள். பிராக் பழைய நகரில் துண்டுச் சீட்டு நீட்டுவார்கள். மோட்ஸார்ட் கொஞ்சம், விவால்டி கொஞ்சம் என்ற கதம்பம்தான் பெரும்பாலும். வாசிப்பு மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஷ்டாட்ஸ்ஓப்பரின் நின்று கேட்கும் சீட்டைவிட விலை அதிகம்.

மேதான் பிராகின் மாதம். செக் இசையமைப்பாளர் ஸ்மெடனா மறைந்த மே 12 அன்று, நகரசபை மாளிகையின் ஸ்மெடனா மண்டபத்தில் அவருடைய ‘மா விளாஸ்ட்’ இசையோடு பிராக் வசந்த விழா தொடங்கும். 1946 முதல் நடக்கும் விழா அது. அந்த மூன்று வாரத்தில் போகிறவருக்கு என் பரிந்துரை பிராக்தான். அறை வாடகை ஏறும் என்பதால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

வாத்தியத்துக்கு எது நல்லது

குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுதான், இரண்டும் கொடுமை. சென்னையின் ஈரக்காற்றில் பழகிய மரம், ஹீட்டர் ஓடும் அறையில் சட்டென்று காயும். ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போவது அங்கே சாதாரணம், வாத்தியம் கேட்பது 40 முதல் 60. முதலில் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) சுருங்கி வழுக்கும். தந்தி தானாகத் தளரும். அது எச்சரிக்கை மணி. அலட்சியம் செய்தால் விளிம்பில் ஒட்டு விடும், மேல்பலகை விரிசல் விடும். பெட்டிக்குள் ஈரப்பதமூட்டியும் சின்ன அளவியும் வையுங்கள். வழுக்கும் பிரடையை உள்ளே அழுத்தித் திருப்புங்கள், ஓங்கி அடிக்காதீர்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் பெட்டியை உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

செல்லோக்காரர்களுக்கு வேறொரு தலைவலி பிராகின் கல் பாவிய தெருக்கள். உருளை வைத்த பெட்டியை அந்தக் கற்களில் இழுத்தால் அதிர்வு முழுதும் வாத்தியத்துக்குப் போகும். வாத்தியத்தின் உள்ளே நிற்கும் சின்ன மரத்தூண், அதாவது சவுண்ட் போஸ்ட், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே குரல் மாறிவிடும். முதுகில் சுமந்தே ஆக வேண்டும். டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை பிடிப்பது மலை மேலிருக்கும் அழகான விடுதியைவிட நல்லது. வியன்னாவில் நடைபாதைகள் பெரும்பாலும் சமன், இந்தத் தொல்லை குறைவு.

சுருதியிலும் வித்தியாசம் உண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசிப்பது 443 ஹெர்ட்ஸ். 440-க்குப் பழகிய காதுக்கு ஏறக்குறைய 12 சென்ட் ஏற்றம் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). யாரோடாவது சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் ட்யூனரை மாற்றி ஒரு வாரம் முன்பே பழகுங்கள். வயலினுக்குச் சமாளிக்கலாம், மூங்கில் குழல் எடுத்துப் போகிறவருக்கு அந்த 12 சென்ட் ஒரு பிரச்சினைதான்.

விமானத்தைப் பொறுத்தவரை எந்த ஊர் என்பது பொருட்டில்லை, கடைசிக் கட்ட விமான நிறுவனம்தான் பொருட்டு. முதல் விமானத்தில் வயலின் பெட்டியைக் கேள்வியில்லாமல் விடுவார்கள். இணைப்பு விமானத்தில் கைப்பைக்கான 55 சென்டிமீட்டர் விதியைக் காட்டி நிறுத்துவார்கள். நீளப்பெட்டி 80 சென்டிமீட்டரைத் தொடும். இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி அச்செடுத்து வையுங்கள். செல்லோவுக்குத் தனி இருக்கை. பெரும்பாலும் இணையத்தில் பதிய முடியாது, தொலைபேசியில்தான். சரக்கறைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தந்திகளை ஒரு சுரம் இறக்கி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு இரு பக்கமும் துணி அடையுங்கள். முழுதாகத் தளர்த்தினால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். வில்லின் நுனியிலோ அலங்காரத்திலோ பழைய யானைத் தந்தம் இருந்தால் ஆவணமில்லாமல் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பயிற்சியும் தெரு வாசிப்பும்

இரண்டு ஊரிலும் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பகலிலும் வாடகை வீட்டில் வாசிக்கலாமா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒலியைக் குறைக்கும் ஒரு ரப்பர் மியூட் கட்டாயம். தெருவில் வாசிக்க வியன்னாவின் மையப் பகுதிகளில் நகராட்சியின் இட அட்டை தேவை, இடமும் நேரமும் குறிப்பிட்டுத் தருவார்கள். ஐந்து நாள் பயணிக்கு அந்த அலைச்சல் வீண். பிராகில் சார்லஸ் பாலத்தில் வாசிப்பவர்களும் அனுமதி பெற்றவர்களே. சுற்றுலா விசாவில் கூலிக்கு வாசிப்பது இரண்டு ஊரிலும் கூடாது.

பகல் நேரம்

பிராக் கோட்டைக்குள் லோப்கோவிட்ஸ் மாளிகையைத் தவற விடாதீர்கள். பேட்டோவனின் நாலாம், ஐந்தாம் சிம்பொனிகளோடு தொடர்புள்ள பழைய பிரதிகளும், ஹாண்டலின் ‘மெசையா’வை மோட்ஸார்ட் மறுபடி அமைத்த பிரதியும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. வியன்னாவில் இதற்கு ஈடு ஹோஃப்புர்க் அரண்மனையின் பழைய வாத்தியச் சேகரம். கல்லறைகளுக்கு வியன்னாவில் 71-ஆம் எண் டிராம்: மத்தியக் கல்லறையின் இரண்டாம் வாயில், 32ஏ பகுதி. பேட்டோவன், ஷூபர்ட், பிராம்ஸ் அருகருகே. மோட்ஸார்ட்டுக்கு அங்கே நினைவுச் சின்னம் மட்டும், புதைத்தது சாங்க்ட் மார்க்ஸ் கல்லறையில். பிராகில் துவோர்ஷாக்கும் ஸ்மெடனாவும் விஷெராட் கல்லறையில்.

பிராகில் கார்டு தேய்க்கும்போது யூரோவில் கட்டவா, செக் நாணயமான கொருனாவிலா என்று இயந்திரம் கேட்கும். கொருனாவை அழுத்துங்கள், யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டையும் பார்த்தே தீருவேன் என்பவர்கள் வியன்னாவில் மூன்று இரவு, பிராகில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே ரயில்தான், விமானம் வேண்டாம். வயலினைத் தலைக்கு மேல் தட்டில் வைக்கலாம், ஜன்னலோர ஹீட்டர் பக்கம் மட்டும் வேண்டாம். செல்லோவுக்குப் பெட்டித் தட்டை ஒட்டிய இருக்கையைப் பதிவு செய்து, ஏறுகிறவர்கள் அதன் மேல் சூட்கேஸை அடுக்காமல் முதல் இரண்டு நிலையங்களிலாவது விழித்திருங்கள்.