காது அழுக்குக் கரைக்கும் சொட்டு மருந்து: எந்தக் காதுக்கு ஆகும், எந்தக் காதுக்கு ஆகாது

மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து பிள்ளைகள் படித்துறையிலேயே கிடக்கும் மாதங்களில், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மெடிக்கலில் போய் "காது அடைச்சிருக்கு" என்றால் பெரும்பாலும் இந்த 10 மி.லி. குப்பியைத்தான் எடுத்துத் தருவார்கள். கம்பெனிப் பெயர் மாறினாலும் உள்ளே வழக்கமாக இருப்பவை இவைதான்: பாராடைகுளோரோபென்சீன் 2%, பென்சோகெய்ன் 2.7%, குளோர்பியூட்டால் 5%, டர்பன்டைன் எண்ணெய் 15%.

காய்ந்து இறுகிய அழுக்குக்கு நல்ல மருந்து. குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சில்லென்று விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்து 3-4 சொட்டு விட்டு, 5 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். நாளைக்கு 3 வேளை, 3 முதல் 5 நாள். முதல் நாள் அடைப்பு கூடினதுபோல் இருக்கும், அழுக்கு ஊறி உப்புவதால். அந்த நேரத்தில் பட்ஸ் விட்டால் ஊறினதெல்லாம் செவிப்பறைப் பக்கம் போய்விடும். வெளியே வழிவதை மட்டும் துணியால் துடையுங்கள். 5 நாளிலும் இளகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உறிஞ்சி எடுத்துவிடுவார்.

ஆனால் வாய்க்காலில் குளித்த காது வலித்தால் கதை வேறு. காது அழுக்கு கழிவு அல்ல, காவல். எண்ணெய்ப் பசையும் லேசான புளிப்புத் தன்மையும் லைசோசைம் என்ற நொதியும் கெட்ட பாக்டீரியாவைத் தலையெடுக்க விடாது. தீங்கில்லாத பாக்டீரியாக்கள் அங்கே எப்போதும் குடியிருக்கும். தண்ணீர் தங்கித் தோல் நைந்து, பட்ஸோ கொண்டை ஊசியோ கீறிவிட்டால் சூடோமோனாஸ் அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கெட்ட பாக்டீரியா பற்றிக்கொள்ளும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் குருத்தெலும்பை அழுத்துங்கள். சுள்ளென்று வலித்தால் அது அநேகமாகப் புண். இந்தச் சொட்டு வேண்டாம். டர்பன்டைன் எரிக்கும், பென்சோகெய்ன் வலியை மறைத்து நோயை முற்றவிடும். பூண்டு தட்டிக் காய்ச்சிய நல்லெண்ணெயும் வேண்டாம். அரிப்பு அதிகமாகி, நனைந்த செய்தித்தாள் போலக் கரும்புள்ளியோடு படிந்திருந்தால் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது, மருத்துவர் சுத்தம் செய்து க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து தருவார்.

இந்த மருந்தில் நாங்கள் காணும் பெரிய குறை லேபிள்தான். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் சீழ் வடிபவர்களும் இதைக் காதில் விடக் கூடாது என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் போட்டிருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காது வலி வந்தால் கடையில் எந்தச் சொட்டும் வாங்காதீர்கள். அவர்களுக்கு இந்தத் தொற்று மண்டையோட்டு எலும்பு வரை போகக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.